வயதுக்குச் சான்று கேட்பவர்கள் முதலில் தங்கள் பதிவேட்டைப் பார்க்கட்டும்

இப்போது அறுபதைத் தொடுகிறவர்கள் 1965, 1966-ல் பிறந்தவர்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1969-ல். நடைமுறைக்கு வந்தது 1970 ஏப்ரல் 1 முதல். முதியோர் உதவித்தொகை கேட்டு இன்றைக்கு மனுப் போடும் ஒவ்வொருவரும் அந்தச் சட்டத்தைவிட மூத்தவர்கள். அவர்களைத்தான் பிறந்த தேதிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டு அலையவிடுகிறோம்.

அதற்கு முன்னால் பதிவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை மாகாணத்தில் 1899-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. கிராமத்தில் மணியக்காரர் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்தார். ஆனால் யாருடைய பிறப்பை எழுதினார் என்பதுதான் கேள்வி.

நான் வேதாரண்யம் வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அதற்குப் பிறகு தேர்வெழுதி வேலைக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. பழைய பதிவேடுகளைக் கையில் வைத்துப் புரட்டியிருக்கிறேன். சிலது செல்லரித்துப்போனவை; சிலது மழையில் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டவை. ஒழுங்காக இருக்கும் பக்கத்திலும் பல இடங்களில் குழந்தையின் பெயர் இருக்காது. தேதி, தகப்பன் பெயர், சாதி, ‘பெண்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். அந்தத் தகப்பனுக்கு நாலு பெண்கள் என்றால் இது எந்தப் பெண்? தலைச்சன் பிள்ளை தாய் வீட்டில் பிறக்கும். அதை எழுதியிருந்தால் வேறு தாலுகாவில் வேறு மணியக்காரரின் ஏட்டில் இருக்கும். பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்களுக்கோ, பிள்ளை பிறந்த சேதியை மணியக்காரர் வீட்டு வாசலில் போய்ச் சொல்லும் நிலைமையே பல ஊர்களில் இருந்ததில்லை. அந்த வாசலில் யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்த காலம் அது.

பள்ளிச் சான்று இருக்குமே என்பார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளையை வாத்தியார் நிற்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறப்பது ஜூனில். அதனால் மே, ஜூன் மாதங்களில் ஏதாவது ஒரு தேதியை அவரே போட்டுக்கொள்வார். அப்படிப் போட்ட தேதியில்தான் எத்தனையோ பேர் அரசு வேலைக்குப் போய், அதே தேதியில் ஓய்வும் பெற்றார்கள். யாரும் அவர்களைச் சந்தேகப்பட்டதில்லை. காதைத் தொடும் வாய்ப்புக்கூட இல்லாமல் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டில் நின்ற பெண் பிள்ளைகளும், மாடு மேய்க்கப் போன பையன்களும் இருக்கிறார்களே, அவர்கள்தான் இன்று உதவித்தொகை கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். இருப்பதிலேயே ஏழைகள் யாரோ அவர்களிடம்தான் காகிதமே இல்லை.

எஞ்சியிருந்த காகிதங்களையும் கடற்கரைக்காரர்கள் இரண்டு முறை பறிகொடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி ஒரு முறை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறிய கஜா புயல் மறுமுறை. கூரையோடு டிரங்குப் பெட்டியும் போனது.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ஆயுசு முழுக்க வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மனைவி இறந்துவிட்டார். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் கஷ்டப்படுகிறாள். உப்பு வாரி வாரிக் கால் இரண்டும் வெடித்து, வெயிலில் உப்பின் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் மங்கிவிட்டது. ஆதார் எடுக்க ஊருக்கு வந்தவர்கள் வயது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் மனைவியைப் பார்த்திருக்கிறார். “நாப்பது அம்பது இருக்கும்” என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். கணினியில் உட்கார்ந்திருந்த பையன் நாற்பது என்று தட்டிவிட்டான். அட்டையில் ‘பிறந்த வருடம் 1972’ என்று வந்துவிட்டது. மாதமும் இல்லை, தேதியும் இல்லை.

அவருடைய மகளின் பள்ளிச் சான்றில் பிறந்த வருஷம் 1984. ஆதாரை நம்பினால் அவர் பன்னிரண்டு வயதில் தகப்பனாகியிருக்க வேண்டும்.

“எந்த வருஷம் பொறந்தேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? பெரிய புயலு அடிச்சிச்சே, அப்ப நான் முழுக்கூலி ஆளு. அந்தத் தையிலதான் முழுக்கூலி குடுத்தாங்க. அதுக்கு முந்தி அரைக்கூலி” என்றார்.

அவர் சொல்லும் புயல் 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் அரைக்கூலியிலிருந்து ஒருவனை முழுக்கூலிக்கு மாற்றுவது பதினாறு, பதினேழு வயதில். கணக்கைப் போட்டால் 1960, அல்லது அதை ஒட்டி. அவர் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பழைய வாக்காளர் அடையாள அட்டை. படத்தில் ஆளே தெரியவில்லை. ஆனால் எழுத்து தெளிவாக இருந்தது: 1.1.1995 அன்று வயது 35. புயல் சொன்னதையும் அரைக்கூலி சொன்னதையும் தேர்தல் ஆணையம் கொடுத்த அட்டையும் சொல்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது?

இ-சேவை மையத்தில் அவர் மனுவை எடுக்கவில்லை. “ஆதார்ல 72 இருக்கு, போட்டாத் தள்ளுபடிதான் ஆகும்” என்றார்கள். ஆதாரைத் திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். பிறந்த தேதியை ஆதாரில் ஒரே ஒரு முறைதான் திருத்தலாம். அதற்கும் பிறப்புச் சான்று மாதிரி ஓர் ஆவணம் வேண்டும். பிறப்புச் சான்று வாங்கப் போனால், பதிவேட்டில் பெயர் இல்லை என்று ஒரு சான்று, நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம், அதன் பிறகு தாமதப் பதிவுக்கு மேலே உள்ள அதிகாரியின் ஆணை. ஒவ்வொரு படியிலும் பஸ் செலவு, ஒருநாள் கூலி, எழுதிக்கொடுப்பவருக்குக் காசு. கடைசியில் அந்த மேசையிலும் கேட்கப்போவது, “ஆதார்ல வேற இருக்கே?” என்பதைத்தான்.

அட்டையின்படி அவருக்கு அறுபது நிறைய 2032 ஆகும். உண்மையில் அறுபது ஆனது 2020 வாக்கில். இடையில் பன்னிரண்டு வருஷம். தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு பையன் அவசரத்தில் தட்டிய ஓர் எண்ணின் விலை அது. அந்த வயதில் மருந்துக்கும் அரிசிக்கு மேற்பட்ட செலவுக்கும் இருக்கிற ஒரே காசு அதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. விதியில் வழி இருக்கிறது. மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள், வயதுக்குப் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்றைப் பார்க்கச் சொல்கின்றன. அவை இல்லையென்றால் குடும்ப அட்டையையும் வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லையென்றால் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கலாம். ஆக, உப்பளத்து மனிதரின் இடுப்பு முடிச்சில் இருந்த அட்டை செல்லத்தக்க ஆவணம். அதை எடுத்துப் பார்க்கவே ஆளில்லை.

ஆதாரை வழங்கும் ஆணையமே அது பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. புதிதாக வரும் அட்டைகளில் அச்சடித்தே வருகிறது. 2024 ஜனவரியில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாலை விபத்தில் இறந்த ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில், வயதை ஆதாரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது, பள்ளிச் சான்றே சரி என்று தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் பிறகு, ஒரு கிழவரின் மனுவைத் தள்ள மட்டும் ஆதாரில் உள்ள வருஷம் போதுமானதாக இருக்கிறது. அவருக்குச் சாதகமாகச் செல்லாத ஒரு தாள் அவருக்குப் பாதகமாக மட்டும் எப்படிச் செல்லும்? இதை நியாயம் என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

சிறுவர்கள் விஷயத்தில் சட்டம் இப்படி இல்லை. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு, ஒருவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அந்தச் சட்டப்படி அமைந்த குழு விசாரித்துப் பதிவு செய்யும் வயதே அதன் காரியங்களுக்கு உண்மையான வயது. வயதைக் கண்டுபிடிப்பது அங்கே அரசின் கடமை. இந்தக் கோடியில் பதினெட்டுக்குச் செய்ததை அந்தக் கோடியில் அறுபதுக்கு ஏன் செய்யவில்லை? மருத்துவரிடம் அனுப்பினால் போதும் என்றும் சொல்ல முடியாது. எலும்பு ஒன்றுகூடி முடிந்த பிறகு ஐம்பத்தேழா அறுபத்திரண்டா என்று எக்ஸ்ரே சொல்லாது. வெயிலில் உழைத்த முகம் பத்து வயது கூடுதலாகக் காட்டும். மருத்துவர் அதைப் பார்த்து ஒரு தோராயத்தைத்தான் எழுத முடியும்.

விசாரித்தால் வயது தெரியும். இதை நான் வேலையில் இருந்தபோது செய்ததை வைத்துச் சொல்கிறேன். யாரிடமும் “எந்த வருஷம் பொறந்தீங்க?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஐம்பது, அறுபது என்று முழு எண்ணாகத்தான் பதில் வரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சுழியிலும் ஐந்திலும் முடியும் வயதுகள்தான் குவிந்து கிடக்கின்றன. ஊருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலில் கைக்குழந்தையா, அதற்குப் பின்னால் பிறந்தவரா? அது 1964 டிசம்பர், குரோதி வருஷம் மார்கழி. பெண்களாக இருந்தால், எழுபத்தேழு புயலுக்கு முந்தியே சடங்கு சுற்றியாகிவிட்டதா? எந்தத் தாயும் பெண்ணும் அதை மறப்பதில்லை. எம்.ஜி.ஆர். இறந்த 1987 மார்கழியில் மடியில் இருந்தது எந்தப் பிள்ளை? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தால் அதன் சான்று எங்கே? கூடப் பிறந்தவர்களில் இவர் எத்தனையாவது? தெருவில் இவரோடு ஒத்த வயதுக்காரர் யார், அவரிடம் காகிதம் இருக்கிறதா? ஒரு கேள்விக்குப் பொய் சொல்லலாம். நாலு பேரிடம் நாலு விதமாகக் கேட்டு எல்லாம் ஒரே வருஷத்தில் வந்து நின்றால், அதைவிட நல்ல சான்றை எந்தக் கணினியும் தராது. ஜாதகம் எழுதும் வழக்கம் இருந்த வீடுகளில் வருஷத்தின் பெயரே போதும். அறுபது முடிந்தால் அந்தப் பெயர் திரும்பி வந்துவிடும். 1964-ல் பிறந்த குரோதி 2024-ல் மறுபடி பிறந்தது.

அயர்லாந்தில் இதே சிக்கலை நூறு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறார்கள். அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1908-ல் சட்டம் இயற்றி, 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள். ஆனால் அந்த நாட்டில் பிறப்பைப் பொதுவாகப் பதிவு செய்யத் தொடங்கியதே 1864-ல். எழுபது வயதுக்காரர் ஒருவரிடமும் அரசின் பிறப்புச் சான்று இல்லை. அங்கேயும் ஒரு புயல் இருந்தது. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெருங்காற்று. அந்த இரவு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு வயதை முடிவு செய்தார்கள். அதோடு 1841, 1851 கணக்கெடுப்புத் தாள்களை அரசுக் காப்பகத்தில் தேடியெடுத்து, பெற்றோர் பெயரோடு குழந்தையின் வயது இருந்தால் அதை ஏற்றுக்கொண்டார்கள். பதிவேடு அரசிடம் இருந்தது. அரசே அதில் தேடியது. எங்கள் புயல்களையும் அவர்களுடைய பெருங்காற்றையும் சேர்த்துப் படித்தபோது, ஏழையின் ஞாபகத்துக்கு ஓர் அரசாங்கம் மதிப்புக் கொடுத்திருக்கிறது என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

நம் அரசிடமும் தேடத் தாள் இருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005-ம் ஆண்டுப் பட்டியல்களில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று வீடு வீடாக வந்து கேட்டார்கள். அந்தப் பட்டியல்களை இணையத்தில் போட்டார்கள். அதில் பெயருக்கு நேரே வயதும் இருக்கிறது. வாக்குரிமையைச் சோதிக்க அந்தப் பட்டியலைத் தோண்டி எடுக்க முடிந்த அரசு, மாதம் 1,200 ரூபாய் கொடுக்கவும் அதையே எடுத்துப் பார்க்கட்டும்.

பொய் வயது சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். நிலம் வைத்திருப்பவர், மகன் வெளிநாட்டில் இருப்பவர், ஐம்பத்தைந்து வயதில் முதியோர் பணம் வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் காகிதம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. தரகருக்குப் பணம் கொடுத்தால் காகிதம் கிடைக்கும். ஆகவே காகித விதியை இறுக்குவதால் தடுக்கப்படுபவர்கள் அவர்கள் இல்லை, கொடுக்கக் காசில்லாத உப்பளத்துக்காரர்தான். பொய்யைப் பிடிக்கவும் தெருவில் இறங்கி விசாரிப்பது ஒன்றுதான் வழி. தெருவுக்கு எல்லாம் தெரியும்.

தமிழ்நாடு இந்த உதவித்தொகையை 1962 ஏப்ரலில் இருபது ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசு தன் திட்டத்தைக் கொண்டுவந்தது 1995-ல். அதில் அறுபத்தைந்தாக இருந்த வயது வரம்பை 2011-ல் அறுபதாகக் குறைத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் விதிப்புத்தகத்தில் குறைத்த ஐந்து வருஷத்தை, ஆதாரில் ஏறிய பன்னிரண்டு வருஷம் தின்றுவிடுகிறது.

வருவாய்த் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே இருந்தவள் என்ற உரிமையில். ஆதாரும் மற்ற ஆவணமும் முரண்பட்டால் மனுவைத் தள்ளாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் நேரில் அனுப்புங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, தெருவில் மூத்தவர்கள் இரண்டு பேரின் கையெழுத்தோடு அறிக்கை தரட்டும். அந்த அறிக்கையின் மேல் தனி வட்டாட்சியர் வயதை நிர்ணயித்து ஆணையிடட்டும். ஆதாரைத் திருத்தவும் அந்த ஆணையே போதும் என்று அரசு ஏற்பாடு செய்யட்டும். அதற்கான செலவு மனுதாரர் தலையில் விழக் கூடாது. முடிவு தெரியாமல் சந்தேகம் மிச்சமிருந்தால், அதன் பலன் முதியவருக்குப் போகட்டும். பிறந்தபோது எழுதாமல் விட்டது அவர் அல்ல.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை பார்க்கும் குடும்பத்தில், இப்படி ஒருவர் இருப்பார். அவருடைய பழைய வாக்காளர் அட்டையையும் பழைய ரேஷன் கார்டையும் தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். 2002, 2005 பட்டியலில் அவர் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் சான்று நகலையும் சேர்த்து, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். தள்ளுபடி என்றால் காரணத்தையும் எழுத்திலேயே கேளுங்கள்.